மொட்டைமாடியிலிருந்து மோதும் கேலக்ஸிகள்: வாசகர் கேள்வி பதில்

ஒன்றையொன்று இழுத்தும் வளைத்தும் சிதைத்துக்கொண்டிருக்கும் கேலக்ஸி ஜோடிகளைப் பெரிய தொலைநோக்கியில் பார்ப்பது பற்றி வந்த கடிதங்கள் இவை. எழுதியவர்கள் அநேகமாக எல்லோரும் ஊருக்குள் குடியிருப்பவர்கள். அதனால் "இருட்டான இடத்துக்குப் போங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், தெருவிளக்கை வைத்துக்கொண்டே என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்லியிருக்கிறோம்.

தாம்பரம் வாசகர்: எஃப்/6 கொண்ட 8 அங்குலத் தொலைநோக்கியிலிருந்து எஃப்/4.5 கொண்ட 16 அங்குல டாப்சோனியன் வகைத் தொலைநோக்கிக்கு மாறினேன். அதே 25 மிமீ ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) பார்த்தால் வானம் முன்பைவிட வெளுத்துத் தெரிகிறது. பெரிய மிரர் கேலக்ஸியின் வெளிச்சத்தோடு ஊர் வெளிச்சத்தையும் சேர்த்துத்தானே அள்ளுகிறது? ஊருக்குள் இருப்பவனுக்குப் பெரிய மிரர் வீண்தானா?

வீண் இல்லை. வானம் வெளுத்ததற்குக் காரணம் அந்த 25 மிமீ ஐபீஸ். ஐபீஸின் மிமீ அளவை எஃப் எண்ணால் (மிரரின் குவியத் தூரத்தை அதன் அகலத்தால் வகுத்த எண்) வகுத்தால், கண்ணுக்குள் போகும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். பழைய தொலைநோக்கியில் அது 4.2 மிமீ, புதியதில் 5.6 மிமீ. பின்னணி வானத்தின் வெளிச்சம் இந்த அகலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஆகவே ஏறக்குறைய 1.8 மடங்கு வெளுப்பு. 9 மிமீ ஐபீஸைப் போடுங்கள். கற்றை 2 மிமீக்குச் சுருங்கும், பெரிதாக்கம் 200 மடங்கை எட்டும், வானமும் கறுக்கும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வானம் கறுக்கும்போது கேலக்ஸியும் அதே அளவு மங்குகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள விகிதத்தை எந்த மிரராலும் எந்த ஐபீஸாலும் மாற்ற முடியாது. கணக்காகவே பார்ப்போம். ஊருக்குள் வானத்தின் பரப்புப் பிரகாசம் ஒரு சதுர ஆர்க்செகண்டுக்கு (ஆர்க்செகண்ட் என்பது டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) 18 பொலிவெண் என்று வைத்துக்கொள்வோம். கேலக்ஸியின் ஒரு பகுதி 21 பொலிவெண். பொலிவெண் கூடக் கூட மங்கல் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு எண்ணும் சுமார் 2.5 மடங்கு. அப்படியானால் வானம் 100 பங்கு ஒளி தரும் இடத்தில் கேலக்ஸி சேர்ப்பது வெறும் 6 பங்கு. 21.5 பொலிவெண் உள்ள நல்ல கிராமத்து வானத்தில் அதே கேலக்ஸி 100க்கு 158 பங்கு சேர்க்கும். நகரத்தில் இழப்பது எவ்வளவு என்பது இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

சரி, பெரிய மிரர் எதற்கு? அந்த 6 பங்கு வித்தியாசத்தைக் கண் உணர்வது, அது எவ்வளவு பெரிய பரப்பில் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. இருட்டில் கண் பல நூறு செல்களின் சமிக்ஞைகளைச் சேர்த்துத்தான் பார்க்கிறது. சின்னத் திட்டாக இருந்தால் தவறவிடும் வித்தியாசத்தை, பெரிய திட்டாக இருந்தால் பிடித்துவிடும். 2 மிமீ கற்றையில் 8 அங்குலம் 100 மடங்கு பெரிதாக்கும், 16 அங்குலம் 200 மடங்கு. 4 ஆர்க்மினிட் (டிகிரியில் 60இல் ஒரு பங்கு ஓர் ஆர்க்மினிட்) அகலக் கேலக்ஸி முதலாவதில் 13 முழுநிலவு அகலத்துக்கும், இரண்டாவதில் 27 முழுநிலவு அகலத்துக்கும் தெரியும், மங்கல் மட்டும் அதே அளவு. பெரிய மிரரின் முழுப் பயனும் இதுதான். அதனால் குறைந்த பெரிதாக்கத்தில் தேடிக் கண்டுபிடித்தபின் அங்கேயே நின்றுவிடாதீர்கள். 140, 200, 260 என்று ஏறிக்கொண்டே போய், எந்த இடத்தில் உருவம் கரையத் தொடங்குகிறது என்று பாருங்கள். அதற்கு ஒரு படி கீழே இறங்கி நிறுத்துங்கள்.

இன்னொரு வேலையை இன்றைக்கே செய்துவிடுங்கள். இருட்டியபின் ஐபீஸைக் கழற்றிவிட்டு அது செருகியிருந்த ஃபோகஸர் துளைக்குள் கண்ணை வைத்துப் பாருங்கள். மிரரின் பிம்பத்தைத் தவிர வேறு எது பளிச்சென்று தெரிந்தாலும் அது உங்கள் எதிரி. எதிர்வீட்டு மாடிவிளக்கு, தண்ணீர்த் தொட்டியின் வெள்ளைச் சுவர், கம்பிச் சட்டத்தின் பளபளப்பு எல்லாம் அங்கே தெரியும். கம்பிச் சட்ட டாப்சோனியனுக்குச் சுற்றிலும் கறுப்புத் துணி உறை கட்டாயம். உறை உள்ளே தொய்ந்து ஒளிப்பாதையை மறைக்காமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோகஸருக்கு நேரெதிரே, மேல் வளையத்திலிருந்து 30 செமீ வரை நீளும் ஒரு கறுப்பு அட்டையைச் செருகுங்கள். மிரர் பெட்டியின் உட்புறத்துக்கும் மேல் வளையத்துக்கும் கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டினால் போதும். இந்த மூன்றும் விகிதத்தைக் கூட்டாது. ஆனால் இருக்கும் விகிதத்தை மேலும் கெடுக்கும் உதிரி வெளிச்சத்தை நிறுத்தும். நகரத்தில் இந்த வேலைக்கு ஆகும் சில நூறு ரூபாய் தரும் பலனை, பல ஆயிரம் ரூபாய் ஐபீஸ் தருவதில்லை.

கோயம்புத்தூர் வாசகர்: 15 அங்குலத்தில் ஆன்டெனா கேலக்ஸிகளைப் பலமுறை தேடினேன். ஒரு மங்கிய திட்டு மட்டும் தெரிகிறது. இரண்டு நீண்ட வால்களும் தெரியவில்லை. எங்கே தவறு?

வால்களைத் தேடியதுதான் தவறு. படங்களில் பூச்சியின் மீசைபோல நீளும் அந்த வால்கள் ஊர் வானத்தைவிட நூறு மடங்குக்கு மேல் மங்கலானவை. முன்சொன்ன கணக்குப்படி 100க்கு 1 பங்குகூடத் தேறாது. உங்கள் மொட்டைமாடியிலிருந்து அவை தெரியவே தெரியாது. அதைப் பற்றிய ஏக்கத்தை விட்டுவிடலாம். பார்க்க வேண்டியது மோதலின் மையத்தை. அது நகரத்திலிருந்தே கிடைக்கும்.

என்ஜிசி என்ற விண்பொருள் பட்டியலில் 4038, 4039 என்று எண் பெற்ற இந்த ஜோடி காகம் விண்மீன் குழுவில், நம் பஞ்சாங்கத்தின் அஸ்த நட்சத்திரத்தில் இருக்கிறது. வில்லியம் ஹெர்ஷல் 1785இல் கண்டது. அஸ்தத்தின் நாற்கரத்தில் வடமேற்கு மூலை விண்மீன் ஜீனா. அதிலிருந்து மேற்கே, கொஞ்சம் தெற்கே சாய்ந்து, 4 டிகிரி நகர்ந்தால் 31 கிரேட்டரிஸ் என்ற 5ஆம் பொலிவெண் விண்மீன் அருகே வருவீர்கள். நகரத்தில் அது வெறுங்கண்ணுக்குத் தெரியாது, ஃபைண்டர் என்ற சிறிய துணைத் தொலைநோக்கியில் தெரியும். அதிலிருந்து வடக்கே, சற்றே கிழக்காக, 0.8 டிகிரியில் கேலக்ஸிகள். கோவையிலிருந்து உச்சத்தில் 60 டிகிரி உயரத்துக்கு ஏறும். மார்ச் 20 வாக்கில் நள்ளிரவு 12.30, ஏப்ரல் 20 வாக்கில் இரவு 10.30 உச்ச நேரம். அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும்தான் பார்க்க வேண்டும். ஐரோப்பியர்களுக்கு இது அடிவானத்தை ஒட்டிய பொருள்; நமக்கு நல்ல உயரத்தில் கிடைக்கிறது.

முதலில் 90 மடங்கில் இடத்தை உறுதி செய்துகொண்டு, உடனே 200க்குப் போங்கள். ஒரு கறுப்புத் துணியால் தலையையும் ஐபீஸையும் சேர்த்து மூடிக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டர் பருத்தித் துணி போதும். பாலியெஸ்டர் வியர்த்துக் கொட்டும். மூச்சைக் கீழ்நோக்கி விடுங்கள், இல்லாவிட்டால் ஐபீஸ் பனித்துவிடும். துணிக்குள் குறைந்தது 20 நிமிடம் இருந்தபிறகுதான் கண் ஓரளவு தேறும். நடுவில் ஒருமுறை கைபேசியைப் பார்த்தால் கணக்கு மறுபடி ஆரம்பத்திலிருந்து.

வலக்கண்ணால் பார்ப்பவர் என்றால், கேலக்ஸிக்குக் கொஞ்சம் வலப்புறம் பார்வையை நிறுத்துங்கள். கேலக்ஸி மூக்குப் பக்கமாக விழ வேண்டும். மறுபக்கமாக விழுந்தால் கண்ணின் குருட்டுப் புள்ளியில் போய் மறைந்துவிடும். இடக்கண்ணுக்கு இது அப்படியே எதிர்மாறு. அடுத்து, குழாயை விரலால் மிக லேசாகத் தட்டுங்கள். நின்ற திட்டைவிட நகரும் திட்டைக் கண் எளிதில் பிடிக்கும்.

இப்படி அரை மணி நேரம் உட்கார்ந்தால் திட்டு இரண்டாகப் பிரியும். வடக்கே இருப்பது தடிமனும் பிரகாசமும் கூடியது, 4038. தெற்கே இருப்பது மெலிந்த வளைவு, 4039. இரண்டும் கிழக்கு முனையில் ஒட்டிக்கொண்டு, மேற்கே ஒரு கறுத்த பிளவைத் திறந்துவிட்டிருக்கும். சுருண்டு கிடக்கும் உரித்த இறால் மாதிரி. அந்தப் பிளவைக் கண்டுவிட்டீர்கள் என்றால் இரண்டு கேலக்ஸிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுவதை நேரடியாகப் பார்த்துவிட்டீர்கள். இத்தகைய வால்களும் பாலங்களும் உருவாக ஈர்ப்பு இழுவை ஒன்றே போதும் என்று ஆலார் தூம்ரே, யூரி தூம்ரே சகோதரர்கள் 1972இல் கணினியில் செய்து காட்டியபோது எடுத்துக்கொண்ட உதாரணங்களில் இந்த ஜோடியும் ஒன்று.

சென்னை வாசகர்: எங்கள் தெருவில் சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டுவிட்டார்கள். கேலக்ஸிகளுக்கு எந்த ஃபில்டர் வாங்கலாம்?

எதுவும் வேண்டாம். நெபுலா ஃபில்டர்கள் குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும் விட்டு மற்றதை அடைப்பவை. ஒளிரும் வாயுவுக்கு அது சரி. கேலக்ஸியின் ஒளியோ கோடிக்கணக்கான விண்மீன்களின் ஒளி. எல்லா நிறமும் கலந்தது. வெள்ளை எல்இடியும் அப்படித்தான். ஒன்றை அடைத்து மற்றதை விடும் வழி இல்லை. சோடியம் காலத்தில் மஞ்சளை அடைத்துக் கொஞ்சம் தப்பிக்க முடிந்தது, இப்போது அதுவும் போனது. அந்தப் பணத்தில் மூன்று முறை ஊருக்கு வெளியே போய் வாருங்கள். இடையில், உங்கள் மாடியில் நேராக விழும் விளக்குக்கு ஒரு பக்கத் தடுப்புத் தகடு போடச் சொல்லி மாநகராட்சியில் மனுக் கொடுங்கள். தெருவுக்கு வெளிச்சம் குறையாது என்பதை மனுவிலேயே எழுதுங்கள்.

யாழ்ப்பாணம் வாசகர்: 14 அங்குலத்தில் எம் 51 என்ற சுருள் கேலக்ஸியைப் பார்க்கிறேன். சுருளும், இரு கேலக்ஸிகளை இணைக்கும் பாலமும் பட்டணத்திலிருந்து தெரிய வாய்ப்பு உண்டா?

சுருளின் சாயல் நல்ல இரவில் கிடைக்கலாம். பாலம் கடினம்.

சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனி விண்மீனிலிருந்து தென்மேற்கே 3.5 டிகிரியில் இருக்கும் இது, யாழ்ப்பாணத்தில் 52 டிகிரி உயரம் வரை ஏறும். மே 10 வாக்கில் இரவு 10.30க்கு உச்சம். நகரத்தில் முதலில் தெரிவது இரண்டு உருண்டைக் கருக்கள், இடையே நாலரை ஆர்க்மினிட் தூரம். பெரியது எம் 51, சிறியது என்ஜிசி 5195. 150 மடங்குக்கு மேல் போய்ப் பொறுமையாகப் பார்த்தால், பெரிய கருவைச் சுற்றி ஒரு மங்கல் வளையமும், வளையத்துக்கும் கருவுக்கும் இடையே சற்றே கறுத்த இடைவெளியும் வரும்.

இந்த இடத்தில் மனம் தளர வேண்டாம். ஜான் ஹெர்ஷல் 18¼ அங்குல உலோக மிரரில் பார்த்து 1833இல் வெளியிட்ட வரைபடத்தில் இருப்பதும் கருவைச் சுற்றிய, ஒரு பக்கம் பிளந்த வளையம்தான். அவருக்கு இருட்டான வானம் இருந்தது, ஆனால் உலோக மிரர் விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கிவிடும். அது சுருள் என்பது 1845இல் அயர்லாந்தின் பர் கோட்டையில் ராஸ் பிரபு 72 அங்குலத் தொலைநோக்கியைத் திருப்பியபோதுதான் தெரிந்தது. அந்த வளையத்தைப் பென்சிலால் வரையுங்கள். எங்கே தடிமன், எங்கே பிளவு என்று குறியுங்கள். நாலைந்து இரவுகளின் வரைபடங்களை அடுக்கிப் பார்த்தால், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் தடிமன்தான் சுருளின் கை. ஒரே ஒரு இரவில் மட்டும் வந்தது படத்தைப் பார்த்த நினைவு.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இரவைத் தவறவிடாதீர்கள். ஊர் வெளிச்சம் கண்ணுக்கு வருவதே காற்றிலும் தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறித்தான். தூசியை மழை கழுவிவிட்டால் அதே விளக்குகளின் கீழேயே வானம் கறுத்திருக்கும். கடைகள் அடைத்தபின் நள்ளிரவுக்கு மேல் இன்னும் தேறும்.

தூத்துக்குடி வாசகர்: 16 அங்குல மிரரில் தூசியும் உப்புப் படலமும் சேர்ந்திருக்கிறது. மங்கிய பொருள்கள் முன்போல் தெரியவில்லை. கழுவலாமா? கழுவிய பிறகு காலிமேஷன் (மிரர்களை ஒரே நேர்கோட்டில் சரிசெய்வது) எப்படி?

லேசான தூசி என்றால் கழுவ வேண்டாம்; தூசியால் இழக்கும் ஒளி மிகச் சொற்பம். ஆனால் உப்புப் படலம் வேறு. அது ஈரத்தை இழுத்து வைத்து அலுமினியப் பூச்சை அரிக்கும். பக்கத்து விளக்கின் ஒளியைச் சிதறடித்து ஐபீஸ் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் ஆக்கும். கடலோரத்தில் ஆண்டுக்கு ஒருமுறை கழுவுவது நியாயமே.

மிரரை எடுக்கும் முன், அதன் விளிம்பிலும் தாங்கியிலும் ஒரே நேர்கோட்டில் பேனாவால் குறியிடுங்கள். திரும்ப அதே நிலையில் வைக்க வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒரு பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் மடித்த துண்டை விரித்து மிரரை முகம் மேலாக வையுங்கள். காற்றுப் பந்தால் ஊதி, பிறகு தண்ணீரை ஐந்து நிமிடம் வழிய விடுங்கள். பாதித் தூசியும் உப்பும் இதிலேயே போய்விடும். போர்த் தண்ணீர் வேண்டாம், உப்பின் மேல் உப்பாகும். ஆர்ஓ தண்ணீர் போதும். அடுத்து, மிரர் மூழ்கும் அளவு தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் மூன்று சொட்டு. மருத்துவப் பஞ்சை நனைத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரே ஒரு இழுப்பு. பஞ்சின் சொந்த எடைதான் அழுத்தம். விரலால் அழுத்தக் கூடாது. ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு, பிறகு தூக்கிப் போட்டுவிடுங்கள். கீறல் விழுவதெல்லாம் பஞ்சு மிச்சம் பிடிக்கும்போதுதான். 16 அங்குலத்துக்கு 40 பஞ்சு ஆகும். கடைசியாக இரண்டு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி அலசி, சாய்த்து நிறுத்தி உலர விடுங்கள். நிற்கும் சொட்டுகளை டிஷ்யூ நுனியால் உறிஞ்சி எடுங்கள், துடைக்காதீர்கள்.

உலர்ந்தபின் மிரரின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசித் துளைகள் நிறையத் தெரிந்தாலும், கழுவியும் திட்டுத் திட்டாகப் பால்நிறம் இருந்தாலும் பூச்சு போய்விட்டது, மறுபூச்சுதான் வழி.

திரும்பப் பொருத்தும்போது விளிம்புக் கவ்விகளை இறுக்கிவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. கவ்விக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு தாள் தாராளமாகப் போய்வர வேண்டும். இறுகினால் கண்ணாடி வளைந்து, விண்மீன்கள் முக்கோணமாகத் தெரியும்.

இனி காலிமேஷன். எஃப்/4.5 தொலைநோக்கியில் கோமா (விண்மீன் வால்போல் இழுபட்டுத் தெரியும் குறை) இல்லாத துல்லியப் பகுதி மையத்தில் வெறும் 2 மிமீ அகலம்தான். மங்கிய கேலக்ஸிக்கு இவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்கலாம். கேலக்ஸியின் கருவும் அதில் ஒட்டியிருக்கும் மங்கல் விண்மீன்களும்தான் ஜோடியை இரண்டாகப் பிரித்துக் காட்டுபவை; அவை பிசிறினால் எல்லாம் ஒரே திட்டு. குழாயை நீங்கள் பார்க்கப்போகும் 60 டிகிரி உயரத்துக்குச் சாய்த்து வைத்துவிட்டுச் செய்யுங்கள், கிடையாக வைத்துச் செய்தால் தூக்கும்போது கம்பிகள் வளைந்து விலகும். லேசரைப் போட்டு, முதலில் சிறிய மிரரின் திருகுகளால் புள்ளியைப் பிரதான மிரரின் மைய வளையத்துக்குள் கொண்டுவாருங்கள். பிறகு லேசருக்கு முன் பெரிதாக்கத்தைக் கூட்டும் ஒரு பார்லோ லென்ஸை வைத்து, லேசர் முகத்தில் விழும் வளைய நிழலைப் பிரதான மிரரின் திருகுகளால் நடுவுக்கு நகர்த்துங்கள். பார்லோ வைத்தால் லேசர் ஃபோகஸரில் கொஞ்சம் ஆடினாலும் முடிவு கெடாது. வெறும் லேசரின் திரும்பும் புள்ளியை மட்டும் நம்பினால் கெடும்.

மொட்டைமாடித் தளம் பகல் வெயிலை நள்ளிரவு வரை கக்கும். மாலை ஐந்து மணிக்கே தண்ணீர் ஊற்றி ஆற வையுங்கள். மிரருக்குப் பின்னால் 12 வோல்ட் மின்விசிறியை ஒரு மணி நேரம் முன்பே ஓட விடுங்கள். உங்கள் ஊருக்கு ஒரு நன்மையும் உண்டு. கிழக்கே கடல், விளக்குகள் குறைவு. கேலக்ஸி உச்சிக்கு வரக் காத்திருக்காமல், கிழக்கே 45 டிகிரி ஏறியதுமே பார்க்கத் தொடங்குங்கள்.

சேலம் வாசகர்: 18 அங்குலத்தில் ஸ்டீபன் ஐவர் என்ற ஐந்து கேலக்ஸிக் கூட்டத்தில் எத்தனை பேரை எதிர்பார்க்கலாம்?

நகரத்திலிருந்து நல்ல இரவில் இரண்டு அல்லது மூன்று. பெகாசஸ் சதுரத்தில், பூரட்டாதியின் வடக்கு விண்மீனுக்கு வடமேற்கே ஈட்டா பெகாசி இருக்கிறது. அதிலிருந்து வடக்கே, கொஞ்சம் மேற்காக, 4.4 டிகிரியில் என்ஜிசி 7331. அது நகரத்திலும் தெரியும். அதற்குத் தென்தென்மேற்கே அரை டிகிரியில்தான் ஐவரும். முதலில் தெரியப்போவது என்ஜிசி 7320. அடுத்து, 7318ஏ, 7318பி இரண்டும் சேர்ந்த ஒரே திட்டு. 300 மடங்கில் அது இரு கருக்களாகப் பிரியலாம். 7317 ஒரு மங்கிய விண்மீனை ஒட்டியிருப்பதால் அதுவும் விண்மீனாகவே ஏமாற்றும். 7319ஐ நகரத்தில் எதிர்பார்க்க வேண்டாம், பரப்பு மிக மங்கல்.

எளிதாகத் தெரியும் 7320 உண்மையில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. எடுவார் ஸ்டீபன் 1877இல் மார்சேயில் ஐந்தையும் ஒன்றாகக் கண்டார். 1961இல் பர்பிட்ஜ் தம்பதி வேகங்களை அளந்தபோது 7320 மட்டும் ஒட்டவில்லை. அது சுமார் 4 கோடி ஒளியாண்டில் நமக்கு அருகே இருக்கிறது. மற்ற நால்வரும் சுமார் 29 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் மோதிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் குறிப்பேட்டில் 7318 ஜோடியைப் பதிந்த இரவையே மோதலைப் பார்த்த இரவாகக் கணக்கு வையுங்கள்.

நமக்குக் காலம்தான் இடைஞ்சல். செப்டம்பர் தொடக்கத்தில் நள்ளிரவிலும் அக்டோபர் 20 வாக்கில் இரவு 9 மணிக்கும் உச்சம்; அப்போது மழைக்காலம். மழை இடைவெளியில் வானம் திறந்தால் வேறு எதையும் பார்க்காமல் நேரே இதற்குப் போங்கள். டிசம்பர் நடுவில் 7.30 மணிக்கு மேற்கே இன்னும் 50 டிகிரிக்கு மேல் இருக்கும். அதுதான் கடைசி வாய்ப்பு. முடிந்தால் இந்த ஒன்றுக்காகவாவது ஜவ்வாது மலைப் பக்கம் போங்கள். 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கும் காவலூர் வான் ஆய்வகம் அந்த மலையில்தான் இருக்கிறது.

மதுரை வாசகர்: விசித்திர உருவக் கேலக்ஸிகளின் பட்டியலான, 338 பொருள்கள் கொண்ட ஆர்ப் அட்டவணையைத் தொடங்க ஆசை. நகரத்திலிருந்து எவற்றில் ஆரம்பிப்பது?

ஹால்டன் ஆர்ப் 1966இல் அந்த அட்டவணையை வெளியிட்டது பாலோமார் மலையின் பெருந்தொலைநோக்கிப் படங்களை வைத்து. அதில் பாதிக்கு மேல் நகரத்தில் நமக்கு எட்டாது. எண் வரிசையில் போகாதீர்கள். பரப்புப் பிரகாசம் கூடியவற்றைப் பொறுக்குங்கள்.

முதலில் ஆர்ப் 94. மகத்துக்கு வடக்கே சிம்மத்தின் பிடரியில் இருக்கும் அல்ஜீபாவுக்குக் கிழக்கே 50 ஆர்க்மினிட்டில் என்ஜிசி 3226, 3227. இரண்டின் கருவும் கூர்மையானவை, தொட்டுக்கொண்டு நிற்கும். அல்ஜீபாவைப் பார்வைப் பரப்புக்கு வெளியே தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். அடுத்து ஆர்ப் 116. எம் 60 என்ற உருண்டையின் வடமேற்கே 2.5 ஆர்க்மினிட்டில் ஒரு புகைத் திட்டாக என்ஜிசி 4647. வேட்டைநாய்கள் விண்மீன் குழுவின் சாரா விண்மீனுக்கு வடமேற்கே 0.6 டிகிரியில் ஆர்ப் 269, அதாவது என்ஜிசி 4490, 4485. பெரியது ஒரு பக்கம் இழுபட்டு, சின்னதை நோக்கி வளைந்திருப்பது 200 மடங்கில் தெரியும். நகரத்துக்கு இதைவிட நல்ல மோதல் இல்லை என்பது எங்கள் எண்ணம். அட்டவணையில் இல்லாவிட்டாலும் எம் 58க்குத் தென்மேற்கே 0.6 டிகிரியில் உள்ள என்ஜிசி 4567, 4568 ஜோடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நுனியில் ஒட்டி, கவட்டைக் குச்சிபோல் விரிந்திருக்கும்.

கன்னி மண்டலக் கேலக்ஸிகள் மதுரையில் நேர் தலைக்கு மேலே போகின்றன. டாப்சோனியனுக்கு அதுதான் தொல்லை. குழாய் செங்குத்தாக நிற்கும்போது பக்கவாட்டில் தள்ளினால் அடித்தளம் சுற்றுமே தவிர, பார்வை நகராது. உச்சிக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ, 75 டிகிரி உயரத்தில் பாருங்கள். அந்த உயரத்தில் காற்றால் வரும் இழப்பு பொருட்படுத்தத்தக்கதல்ல.

எலிகள் என்று பெயர்பெற்ற ஆர்ப் 242ஐ இப்போது தொட வேண்டாம். வால்கள் நகரத்தில் வராது, உடல்களும் 13ஆம் பொலிவெண்ணுக்கு மேல்.

சிங்கப்பூர் வாசகர்: பூங்காவில் 8 அங்குல எஃப்/4 தொலைநோக்கியும் வண்ணக் கேமராவும் வைத்து ஆன்டெனா கேலக்ஸிகளை எடுக்க நினைக்கிறேன். பெரிய தொலைநோக்கியில் கண்ணால் பார்ப்பதற்கு இது ஈடாகுமா?

உங்கள் ஊரில் கேமராதான் சரி. 2016இல் வெளியான உலக இரவு வான ஒளி வரைபடத்தில், மொத்த மக்களும் கண் முழுதாக இருட்டுக்குப் பழக முடியாத அளவு வெளிச்சத்தின் கீழ் வாழும் நாடாகக் காட்டப்பட்டது சிங்கப்பூர். கண்ணால் வானத்தைக் கழித்துப் பார்க்க முடியாது, கேமராவால் முடியும். ஆனால் அதற்கும் விலை உண்டு. வானம் எத்தனை மடங்கு வெளிச்சமோ, அதே தெளிவுக்கு அத்தனை மடங்கு நேரம் வேண்டும். 21.5 வானத்தில் ஒரு மணி நேரத்தில் கிடைப்பது 18 வானத்தில் 25 மணி நேரம் கேட்கும். அதனால் வால்களை நோக்கிப் போகிறீர்கள் என்றால், பல இரவுகளைச் சேர்க்கத் தயாராகுங்கள். மையத்துக்கு இரண்டு மணி நேரம் போதும்.

மார்ச் நடுவில் அதிகாலை 1.30 மணி வாக்கில் இவை உங்களுக்கு 70 டிகிரி உயரத்தில் இருக்கும், எங்களைவிட மேலே. ஒவ்வொரு படமும் 15 விநாடி, மொத்தம் 480 படம். ஐந்து நிமிடப் படம் எடுத்தால் வானமே கேமராவை நிரப்பி, விண்மீன்கள் வெளுத்து நிறமிழக்கும். ஹிஸ்டோகிராமின் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தின்) மேடு இடது ஓரத்திலிருந்து கால்வாசி தூரத்துக்குள் நிற்கும்படி நேரத்தைச் சரிசெய்யுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஃபிளாட் படங்கள், அதாவது ஓர மங்கலையும் தூசியையும் பிறகு சரிசெய்ய, சீரான வெளிச்சத்தை நோக்கி எடுக்கும் படங்கள். வானம் 100, கேலக்ஸி 1 என்று இருக்கும் இடத்தில், படத்தின் ஓரத்தில் வரும் 5 பங்கு மங்கலையும் தூசி வளையத்தையும் சரிசெய்யாமல் விட்டால் வாலும் தூசியும் ஒன்றுபோலத் தெரியும். குழாய் வாயில் வெள்ளை டி-ஷர்ட்டைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, விடியல் வானத்தை நோக்கி 30 படம் எடுங்கள். கேமராவைத் திருப்பவோ ஃபோகஸை மாற்றவோ கூடாது. மாற்றினால் அந்த 30ம் பயன்படாது. அருகே பூங்கா விளக்கு இருந்தால் குழாயின் வாய்க்கு முன்னால் 30 செமீ கறுப்பு அட்டைச் சுருள் மாட்டுங்கள். பின்னணியைக் கழிக்கும் மென்பொருளில் மாதிரிப் புள்ளிகளை வைக்கும்போது, கேலக்ஸியிலிருந்து இரு வால்களும் நீளும் திசைகளில் ஒரு புள்ளியும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் நீங்கள் தேடும் வாலையே மென்பொருள் வானம் என்று எண்ணிக் கழித்துவிடும்.